ஏழு நிமிடமும் மூன்று விளக்குகளும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் என்னை அழைத்தார்கள். புகழ்பெற்ற சொற்பொழிவாளர்கள் சிலரைப் பற்றி நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேசப்போவது அதைவிடச் சின்ன விஷயம். நம் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பக்கத்து அறையில் நடன வகுப்பு, கீழே பூப்பந்து விளையாடும் சத்தம். நடுவில் ஓர் அறையில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கிறார்கள். தமிழில் நடக்கும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றக் கூட்டம் அது. நான் விருந்தினராகப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்ததும் அதற்குப் பிறகு சில முறை போய்ப் பார்த்ததும்தான் இன்றைக்கு என் பேச்சுக்கு மூலப்பொருள்.

நமக்குப் பேச்சு மரபு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவை அறிதலுக்கு ஓர் அதிகாரம், அவை அஞ்சாமைக்கு ஓர் அதிகாரம். அவைக்கு அஞ்சாதே என்பதற்கு மட்டும் வள்ளுவர் தனியாகப் பத்துக் குறள் எழுதினார் என்றால், அந்தக் காலத்திலும் முழங்கால் நடுங்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்! மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. இன்றைக்கும் தமிழகத்திலிருந்து பட்டிமன்றக் குழு வந்தால் நம் ஊரில் மண்டபம் நிறைகிறது. ஆனால் நாளடைவில் அந்த மரபோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பேசுகிறவர் ஒருவர், கைதட்டுகிறவர் ஐந்நூறு பேர். கைதட்டுகிற ஐந்நூறு பேரும் பேசப் பழகுவதற்கு எங்கே போவது?

இந்தக் கேள்வி ரால்ஃப் ஸ்மெட்லி என்ற அமெரிக்கருக்கும் வந்திருக்கிறது. ஒய்எம்சிஏ சங்கத்தில் இளைஞர்களுக்குக் கல்விப் பணி செய்தவர் அவர். கூட்டம் நடத்தவோ எழுந்து நின்று நான்கு வார்த்தை பேசவோ இளைஞர்களுக்குத் தெரியவில்லை என்பதைக் கவனித்து, 1905ல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் ஒரு பேச்சுக் குழுவைத் தொடங்கினார். அவர் வேறு ஊருக்குப் போனதும் அப்படிப்பட்ட குழுக்கள் கலைந்துவிடும். கடைசியில் 1924 அக்டோபர் 22ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்எம்சிஏ கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடிய கூட்டம்தான் நிலைத்தது. விருந்துகளில் யார் எப்போது பேசுவது என்று நடத்திவைப்பவரை அங்கே டோஸ்ட்மாஸ்டர் என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. நூறாண்டைக் கடந்துவிட்ட அந்த இயக்கம் இன்று 140க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்க 1973 வரை ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு நான் போகிற கூட்டங்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

சிங்கப்பூருக்கு இதில் தனிப் பெருமை உண்டு. இந்த இயக்கம் ஆண்டுதோறும் நடத்தும் உலகப் பேச்சுப் போட்டியில் 2016ல் வென்றவர் நம் நாட்டு வழக்கறிஞர் டேரன் டே. அடுத்த ஆண்டு, 2017ல், வென்றவர் மனோஜ் வாசுதேவன். அவரும் சிங்கப்பூரிலிருந்து போனவரே. இரண்டு பேச்சும் ஆங்கிலம். இங்கே மாண்டரினிலும் தமிழிலும் கூடும் மன்றங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மாலை ஏழேகாலுக்கு என்றால் ஏழேகாலுக்குத் தொடங்குகிறது. நம் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதுவே முதல் அதிர்ச்சி. மன்றத் தலைவர் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார். அன்றைய நெறியாளர் எழுகிறார். அவருக்கு உதவியாக வேலை வேலையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் நேரம் பார்க்கிறார். ஒருவர் இலக்கணம் பார்க்கிறார். அன்றைக்கு ஒரு புதுச் சொல்லையும் பலகையில் எழுதி, பேசுகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு முறையாவது பயன்படுத்த வேண்டும் என்கிறார். இன்னொருவருக்கு ஒரே வேலை: யார் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுக்கிறார்கள் என்று எண்ணுவது. தமிழில் இந்த வேலை கொஞ்சம் கடினம். நாம் 'ஆ' போடுவதைவிட 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா' போடுவதுதான் அதிகம். தொலைக்காட்சிக்காரர்களாகிய எங்களுக்குப் 'பாத்தீங்கன்னா' ஒரு தொழில் நோய். நேயர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

நேரம் பார்ப்பவர் முன்னால் மூன்று வண்ணம். ஏழு நிமிடப் பேச்சு என்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு முப்பது விநாடி விட்டுக்கொடுப்பார்கள். போட்டியாக இருந்தால் அதையும் தாண்டியவர் தகுதி இழக்கிறார், எவ்வளவு அழகாகப் பேசியிருந்தாலும் சரி. நான்கரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டாலும் அதே கதிதான். விளக்கு இல்லாத இடத்தில் வண்ண அட்டை காட்டுகிறார்கள்.

இதை நம் மேடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. வரவேற்புரை ஆற்றுகிறவரே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். நான் நிகழ்ச்சி நெறியாளராக ஓரத்தில் நிற்பேன். துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதைப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசியவர்களும் உண்டு. கடைசியில் யாருடைய நேரத்தைக் குறைப்பது? நடனம் ஆட வந்த பிள்ளைகளுடைய நேரத்தை. மாலை நாலு மணிக்கே ஒப்பனை போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள். அந்த மூன்று விளக்குகளை நம் திருமண மண்டபங்களுக்கும் ஆண்டுவிழா மேடைகளுக்கும் இரவல் வாங்கினால் என்ன என்று எனக்குப் பல முறை தோன்றியதுண்டு.

ஏழு நிமிடத்தில் என்ன பேச முடியும் என்று கேட்பீர்கள். இது என் தொழில் சம்பந்தப்பட்ட கணக்கு, சொல்கிறேன். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 சொற்கள் பேசுவார். நான் கேமரா முன்னால் தமிழில் பேசும்போது தொண்ணூறிலிருந்து நூறு சொற்கள்தான் வரும். தமிழ்ச் சொல் நீளமானது. 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வரியே வேண்டும். ஆக, ஏழு நிமிடத்துக்குத் தமிழில் அறுநூற்றைம்பது, எழுநூறு சொல். மன்றத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள், அலுவலகப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிவைத்துப் பிறகு தமிழில் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குத்தான் சிவப்பு விளக்கு முதலில் எரிகிறது. பேச்சின் பாதியிலேயே எரிகிறது.

திட்டமிட்ட பேச்சுகளுக்கு இடையே உடனடிப் பேச்சு என்று ஓர் அங்கம். தலைப்பு அந்த நொடியில்தான் தெரியும். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். 'மின்தூக்கியில் உங்கள் அண்டை வீட்டுக்காரரோடு மாட்டிக்கொண்டீர்கள், என்ன பேசுவீர்கள்?' என்று ஓர் இல்லத்தரசியிடம் கேட்டார்கள். 'முதலில் அவர் பெயரைக் கேட்பேன், பதினோரு வருஷமாகக் கேட்கவில்லை' என்றார். அறையே சிரித்தது. பதிவுக்கூடத்தில் எங்களுக்கு எழுதிக் காட்டும் திரை உண்டு. தடுமாறினால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். இவர்களுக்கு இரண்டும் கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அன்றைக்குத் தன் முதல் பேச்சைப் பேசியவர் ஒரு பேருந்து ஓட்டுநர். வயது ஐம்பத்தெட்டு. யாராக இருந்தாலும் இந்த மன்றங்களில் முதல் பேச்சு தன்னைப் பற்றித்தான்; நான்கிலிருந்து ஆறு நிமிடம். அவர் ஏன் சேர்ந்தார் என்பதைப் பேச்சிலேயே சொன்னார். அண்ணன் காலமாகி, பதினாறாம் நாள் காரியத்தில் 'தம்பி, இரண்டு வார்த்தை பேசுப்பா' என்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பேச்சு வரவில்லை. அழுகையும் வரவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தன்னைத் தூக்கி வளர்த்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று அன்றிலிருந்து மனத்தில் ஒரு பாரம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மிகவும் இறங்கிவிட்டது.

அவரை மதிப்பிடுவதற்கு அன்றைக்கு நியமிக்கப்பட்டிருந்தவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கலாம். மதிப்பீட்டுக்கும் நேரம் உண்டு: இரண்டிலிருந்து மூன்று நிமிடம். அந்தப் பெண் எழுந்தார். 'ஐயா, உங்கள் அண்ணன் கதை என் மனத்தில் நிற்கிறது. ஆனால் நீங்கள் அதைத் தொடங்கும்போது பச்சை விளக்கே எரிந்துவிட்டது. அதற்கு முன்னால் நான்கு நிமிடம், எனக்குப் பேச வராது, தப்பு இருந்தால் மன்னிக்கவும் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அடுத்த முறை மன்னிப்பை விட்டுவிட்டு அண்ணனிடமிருந்து தொடங்குங்கள், ஐயா. இன்னொன்று, கடைசியில் நீங்கள் தரையைப் பார்த்துப் பேசினீர்கள். கடைசி வரி பின்வரிசைக்குக் கேட்கவில்லை.'

அறையில் கொஞ்சம் அமைதி. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில், தேநீரும் கறிபாப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்னைப்போல் விருந்தினராக வந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார். 'சின்னப் பொண்ணு. வயசுல பெரியவர நாலு பேர் முன்னால இப்படிச் சொல்லலாமாம்மா? நம்ம பண்பாடா இது?' ஓட்டுநர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: 'அண்ணே, பயணி மணி அடிச்சாத்தானே வண்டிய நிறுத்த முடியும். மத்தவங்க எல்லாம் நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுனு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுல நான் என்னத்தத் திருத்த?'

பெரியவரின் மனக்குறையை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வயதில் மூத்தவரின் முகம் வாடக்கூடாது என்பது நம்மிடம் இருக்கிற நல்ல குணம்தான். ஆனால் அந்தக் குணத்தின் பெயரால் நாம் வேறொன்றையும் செய்துவிட்டோம். தமிழ் மேடையில் விமர்சனமே இல்லாமல் ஆக்கிவிட்டோம். பொன்னாடை போர்த்துகிறோம், மாலை போடுகிறோம், 'ஆற்றொழுக்கான உரை' என்கிறோம். வீட்டுக்குப் போகும் வழியில் காரில்தான் உண்மையைப் பேசுகிறோம். பேசியவருக்கு அது எட்டுவதே இல்லை. அவர் அடுத்த ஆண்டும் அதே நாற்பது நிமிடத்தைப் பேசுகிறார். அந்தப் பெண் ஐயா என்று விளித்து, கேட்டதில் நல்லதை முதலில் சொல்லி, குறையை நேரம் குறித்துச் சொன்னார். மரியாதைக்கு இதில் எங்கே குறைவு வந்தது?

ஒரு குறையும் சொல்கிறேன். சில மன்றங்களில் மதிப்பீடே ஒரு சடங்காகிவிட்டது. ஒரு பாராட்டு, ஒரு யோசனை, மறுபடி ஒரு பாராட்டு. ரொட்டிக்கு நடுவே வெண்ணெய் தடவுவதுபோல. யோசனையும் 'இன்னும் கொஞ்சம் கையசைத்திருக்கலாம்' என்பதோடு நின்றுவிடுகிறது. எல்லார்க்கும் கையசைப்பே குறை என்றால் யாரும் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழ் மன்றங்களுக்கே உரியது. இன்னொரு மாலை, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தாதி பேசினார். மருத்துவமனை இரவுப் பணியைப் பற்றி. வார்டில் படுத்திருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டிக்கு மருத்துவர் சொன்னதைத் தமிழில் விளக்க முடியாமல் தவித்ததைச் சொன்னார். நல்ல பேச்சு. கூட்ட முடிவில் இலக்கணம் பார்த்தவர் எழுந்து, அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொற்களை வரிசையாகப் படித்தார். இருபத்து மூன்று. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்கு அடுத்த இரண்டு மாதம் அவரைக் கூட்டத்தில் காணவில்லை.

அந்தப் பட்டியலைப் படித்தவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கொடுத்த வேலையைச் செய்தார். தமிழ் மன்றத்தில் தமிழை யார் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்டால் அதுவும் நியாயம். ஆனால் நம் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 48.3 விழுக்காடு. இந்த நிலையில், பகல் முழுதும் ஆங்கிலத்தில் வேலை செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையை விட்டுக்கொடுத்து, தட்டுத் தடுமாறியாவது தமிழில் பேச வருகிறார் ஒருவர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் சரளமாகப் பேசும் அறையில் எழுந்து நிற்கிறார். அவரை எண்ணிக்கை சொல்லி அனுப்பினால், நாளைக்கு அந்த அறையில் ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு மன்றம் தேவையே இல்லை.

அப்படியானால் ஆங்கிலத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதா? அதுவும் இல்லை. நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். தாதி சொன்ன இருபத்து மூன்றில் பெரும்பாலானவை 'வார்டு', 'டிரிப்', 'ஷிப்ட்' போன்ற பெயர்கள். அவை கெடுதல் செய்வதில்லை. வாக்கியம் தமிழாகவே இருக்கிறது. கெடுக்கிறவை வேறு: 'பட்', 'சோ', 'பிகாஸ்', 'ஆக்சுவலி'. ஆணிகள் ஆங்கிலமாகிவிட்டால் மேசையும் ஆங்கிலமாகிவிடும். 'பட்' என்று தொடங்கியவருக்கு அடுத்து ஆங்கில வாக்கியம்தான் வாயில் வரும். 'ஆனால்' என்று தொடங்கியவர் எப்படியாவது தமிழிலேயே முடித்துவிடுகிறார். எங்கள் நிகழ்ச்சிகளில் பேட்டிக்கு வரும் இளையர்களிடம் இதை மட்டும்தான் நான் முன்கூட்டிச் சொல்வேன்: பெயர்ச்சொல்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், 'ஆனால்', 'அதனால்', 'ஏனென்றால்' மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு இது பலன் தந்திருக்கிறது. ஆகவே, முதல் மூன்று பேச்சு வரை எண்ணிக்கையை அவையில் படிக்க வேண்டாம். இணைப்புச் சொற்களை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள் என்பது என் யோசனை. அதன்பிறகு எண்ணுங்கள், தாராளமாக.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற சண்டையும் அங்கே உண்டு. 2005லேயே தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் கொடுக்கச் சொன்னது. அந்த வகுப்புகளில் படித்தவர்கள் வளர்ந்து இப்போது மன்றங்களுக்கு வருகிறார்கள். 'வந்திருக்கிறார்கள்' என்றுதான் சொல்ல வேண்டும், 'வந்திருக்காங்க' என்றால் தரக்குறைவு என்று அவர்களைத் திருத்துவது எனக்குப் புரியவில்லை. நானே இந்த உரையில் இரண்டையும் கலந்துதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

2020ல் கிருமித்தொற்றால் சமூக மன்றங்கள் மூடியபோது, இந்தக் கூட்டங்கள் ஸூமுக்குப் போயின. திரையில் வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டி நேரம் பார்த்தார்கள். பழைய பத்துப் பேச்சுக் கையேடு அதே ஆண்டு நடுவில் விலகி, கணினி வழிப் பயிற்சித் திட்டம் முழுமையாக வந்தது. இளையர்களுக்கு அது எளிது. நம் ஓட்டுநர் போன்றவர்களுக்கு மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து திறந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் திட்டக் குறிப்பை மன்ற நண்பர் ஒருவர் அவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்தேன்.

தாதி திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். மன்றத்தின் துணைத் தலைவி தொலைபேசியில் இரண்டு முறை அழைத்து, 'பேச வேண்டாம், வந்து நேரம் மட்டும் பார்த்துக் கொடுங்கள்' என்று கேட்டிருக்கிறார். வந்து, மூன்று கூட்டங்களுக்கு விளக்குப் போட்டார். நான்காவது கூட்டத்தில் பேசினார். அன்றைக்கு இலக்கணம் பார்த்தவர் பழையவர்தான். இந்த முறை பட்டியலைப் படிக்காமல் மடித்துக் கொடுத்தார். ஓட்டுநரும் இரண்டாவது பேச்சுக்கு நாள் கேட்டிருக்கிறார். அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும் என்றாராம்.

பார்க்கப் போக விரும்புகிறவர்கள் போகலாம். பெரும்பாலான மன்றங்களில் விருந்தினருக்குக் கட்டணம் இல்லை. மாதம் இரண்டு முறை கூடுவார்கள். உடனடிப் பேச்சுக்கு உங்களை அழைத்தால், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. நான் கடைசியாகப் போனபோது அடுத்த கூட்டத்துக்கான தாளில் இரண்டு பொறுப்புகளுக்கு நேரே பெயர் எழுதாமல் இருந்தது. ஒன்று 'ஆ', 'ம்' எண்ணுவது. இன்னொன்று விளக்குப் போடுவது.